ஆற்றின் திண்ணை

ரிஷிகேஷுக்கு மேலே, சிவபுரியில், கங்கைக்கரை மணலில் சொட்டச் சொட்ட உட்கார்ந்திருந்த என்னிடம், என் மகளைவிட இளையவளாக இருக்கக்கூடிய ஒரு கட்வாலிப் பெண், "அங்கிள், உங்களுக்கு விழத் தெரியவில்லை" என்றாள். எனக்கு வயது 58. சைக்கிளிலிருந்து, மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரிலிருந்து, டெல்லிப் பேருந்தின் படியிலிருந்து, ஒருமுறை ஊரே பார்த்திருக்கக் கல்யாண மேடையிலிருந்து என்று விழுவதில் நெடிய அனுபவம் உள்ளவன். தெரியவில்லை என்று அதுவரை ஒருவரும் குறை சொன்னதில்லை. அவள் சொன்னது ஆற்றில் விழுவதைப் பற்றி. மல்லாந்து, கால்களை ஆறு போகிற திசையில் நீட்டி, கட்டைவிரல்கள் தண்ணீருக்கு மேலே தெரியும்படி மிதந்து, எதிர்ப்படும் பாறையைப் பாதத்தால் வாங்கிக்கொள்ள வேண்டுமாம். நான் விழுந்த விதத்தில் அந்தப் பாறையை வாங்கிக்கொள்ளத் தலைதான் முதலில் போயிற்று.

கயாக் ஓட்டுகிறவர்களுக்கும் ராஃப்டில் ஆளேற்றிப் போகிறவர்களுக்குமான ஆற்று மீட்புப் பயிற்சி அது, மூன்று நாள். பத்துப் பேரில் எட்டுப் பேர் முப்பதைத் தொடாதவர்கள், ஒன்பதாமவர் ஓய்வுபெற்ற ராணுவக்காரர், பத்தாவது நான். எதற்காக வந்தீர்கள் என்று முதல் நாள் ஒவ்வொருவரையும் கேட்டபோது, "1991-ல் இங்கே ஒரு ஷூவைத் தொலைத்தேன்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அந்த ஷூவுக்கு முன்னால் ஒரு தாமிரபரணி இருக்கிறது. அதைச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது.

நீச்சல் எப்போது கற்றீர்கள் என்று அம்பாசமுத்திரத்துக்காரர்களைக் கேட்டால் விழிப்பார்கள். நடக்க எப்போது கற்றீர்கள் என்று கேட்டதுபோல இருக்கும். என் விஷயத்தில் நாள் நினைவிருக்கிறது, ஏனென்றால் அன்று பெரியப்பா என் முதுகில் காய்ந்த சுரைக்குடுக்கையைக் கட்டிப் படித்துறையிலிருந்து தூக்கிப் போட்டார். மூன்று நாள் அப்படியே நடந்தது. நான்காம் நாள் குடுக்கையை அவிழ்த்துவிட்டு, அவிழ்த்ததைச் சொல்லாமல் போட்டார். மூழ்கி, குடித்து, இருமி, கையைக் காலை உதறி நான் படியைத் தொட்டதும் முதுகில் ஓர் அடி விழுந்தது, அதுதான் சான்றிதழ். உங்கள் ஊரில் அது கிணறாக இருந்திருக்கலாம், ஏரியாக இருந்திருக்கலாம், சுரைக்குடுக்கைக்குப் பதில் வாழைத்தண்டோ லாரி டியூபோ இருந்திருக்கலாம். தூக்கிப் போட்ட பெரியப்பா மட்டும் எல்லா ஊரிலும் ஒருவரேதான்.

பெரியப்பாவிடம் ஆற்றைப் பற்றி மூன்று வாக்கியங்கள் இருந்தன. "ஆத்துக்கிட்ட ரோசப்படாதலே" என்பது முதலாவது. "சுழியில மாட்டுனா மேல வரத் துடிக்காத, கீழ போயி பக்கவாட்டுல வெளிய வா" என்பது இரண்டாவது. "பயமாயிருந்தா நின்னுரு, காலத் தரையில ஊனு" என்பது மூன்றாவது. இந்த மூன்றையும் நான் வேதம்போல நம்பினேன். ஏறக்குறைய ஐம்பது வருஷம் கழித்து, பணம் கட்டிச் சேர்ந்த வகுப்பில் பின்னிரண்டுக்கும் தனித்தனியே மதிப்பெண் விழுந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

தாமிரபரணியின் குறுக்கே எட்டு அணைக்கட்டுகள். கோடைமேலழகியானில் தொடங்கி ஸ்ரீவைகுண்டத்தில் முடியும். கடைசி ஒன்றைத் தவிர மற்றவை வெள்ளைக்காரன் வருவதற்கு முன்பே எழுந்தவை. எங்களுக்குக் கிட்டத்தில் இருந்தது கன்னடியன். மழைக்காலம் முடிந்து அணைக்கட்டின் மேல் தண்ணீர் மெல்லிய துணிபோல வழிந்துகொண்டிருக்கும் நாட்களில், பாசி பிடித்த அந்தச் சரிவில் உட்கார்ந்தபடியே வழுக்கிப் போய் அடியில் நுரைக்குள் தொபுக்கென்று விழுவோம். டவுசரின் பின்பக்கம் தேய்ந்து இரண்டு ஜன்னல் திறந்துவிடும். வீட்டில் அதற்குத்தான் அடி விழும், உயிரைப் பணயம் வைத்ததற்கு இல்லை. உயிரைப் பணயம் வைக்கிறோம் என்று அடித்தவர்களுக்கும் தெரியாது. வெள்ளம் கூடிய நாளில் போகக் கூடாது என்று மட்டும் தெரியும். ஏன் என்று கேட்டால், "உள்ள இழுத்து வச்சுக்கிடும்" என்பார்கள். யார் இழுத்து வைத்துக்கொள்வது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. என் ஆச்சியின் கட்சி, அது ஒரு பெண் என்பது.

டெல்லிக்கு வேலைக்குப் போன பிறகு, 1991-ல், கரோல்பாக் அறைத் தோழர்கள் மூவரோடு ஒரு வெள்ளிக்கிழமை இரவு பேருந்து நிலையத்தில் ரிஷிகேஷ் வண்டி பிடித்தேன். யாரோ கொடுத்த துண்டுச்சீட்டில் ஒரு பெயரும் "சிவபுரி, பாலம் தாண்டி" என்ற விலாசமும் இருந்தன. முன்பதிவு என்பது கிடையாது. போனால் ஆள் இருப்பார், இல்லாவிட்டால் கங்கை இருக்கும். ஆள் இருந்தார். வெள்ளை மணலில் நான்கு கூடாரம், ஒரு மண்ணெண்ணெய் விளக்கு, கிச்சடிப் பானை, ஊதிப் பிடித்த ராஃப்ட் ஒன்று. இமயமலையின் புனித நதியில் இருக்கிற சரிவுகளுக்கெல்லாம் என்ன பெயர்கள் என்று நினைக்கிறீர்கள்? கோல்ஃப் கோர்ஸ், கிளப் ஹவுஸ், ரோலர் கோஸ்டர், மூன்று குருட்டு எலிகள். கௌடியாலாவுக்குக் கீழே மெரைன் டிரைவ் என்றே ஓர் இடம் உண்டு. எங்கள் ஊர் ஆற்றில் கசம் என்று சொல்லும் ஆழமான மடுக்களுக்கு, அங்கே மூழ்கி யார் போனார்களோ அவர்கள் பெயர்தான் ஒட்டிக்கொள்ளும். இங்கே பாலர் பள்ளிப் பாட்டின் பெயரை வைத்து ஆளை உள்ளே அனுப்புகிறார்களே என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

ராஃப்டில் ஒன்றும் ஆகவில்லை. ஆகாததுதான் வினை. மறுநாள் காலை, எந்த வெளிநாட்டுக்காரர் விட்டுப்போனதோ, நிறம் போன ஒரு கயாக் மணலில் கவிழ்ந்து கிடந்ததைப் பார்த்து, "நான் தாமிரபரணிக்காரன்" என்றேன். ரோசப்படாதே என்ற முதல் வாக்கியத்தை ரிஷிகேஷ் பேருந்திலேயே விட்டுவந்திருந்தேன் போலும். ஆரஞ்சு நிற மிதவைச் சட்டையின் ஜிப் பழுது. பைஜாமா நாடாவால் கட்டிக்கொடுத்தார்கள். கால்களுக்கு ஜீன்ஸ். நனைந்த பருத்தி ஜீன்ஸ் எவ்வளவு கனக்கும், குளிரை எவ்வளவு உண்மையாகச் சேமித்து வைக்கும் என்று அறிய விரும்புகிறவர்கள் பனி உருகி வரும் ஆற்றில் ஒருமுறை அணிந்து பார்க்கலாம். இடுப்பைச் சுற்றி ஒரு ரப்பர் பாவாடை. அதன் விளிம்பைப் படகின் வாயில் மாட்டினால் தண்ணீர் உள்ளே வராது. பாவாடையின் முன்னால் காதுபோல ஒரு நாடா. கவிழ்ந்தால் அதைப் பிடித்து இழுக்க வேண்டும். இதை எனக்கு இந்தியில் சொன்னார்கள். என் இந்தி அப்போது காய்கறிக் கடைவரைதான் வந்திருந்தது.

கோல்ஃப் கோர்ஸில் கவிழ்ந்தேன் என்று எழுதினால் இந்தக் கட்டுரைக்கு ஒரு கம்பீரம் கிடைக்கும். பெயரே இல்லாத ஒரு சலசலப்பில் கவிழ்ந்தேன். கயாக்கை இடுப்பின் வெட்டாலும் துடுப்பாலும் தலைகீழிலிருந்து நிமிர்த்தும் வித்தையை, கிரீன்லாந்து வேட்டைக்காரர்களைப் பற்றிப் படித்தே பழகி, 1927-ல் ஹான்ஸ் எடி பாவ்லடா என்ற ஆஸ்திரியர் செய்துகாட்டினார் என்று பின்னாளில் அறிந்தேன். அவர் புத்தகத்தைப் பார்த்துச் செய்ததை நான் இன்றுவரை ஆசிரியரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டும் செய்ததில்லை. அன்று தலைகீழாக, பச்சை இருட்டில், மூக்கு வழியாகக் கங்கையைப் பருகியபடி, காய்கறி இந்தியில் அந்த நாடாவுக்கு என்ன பெயர் சொன்னார்கள் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். எப்படியோ வெளியே வந்தேன். தொடையளவு தண்ணீர். பெரியப்பாவின் மூன்றாவது வாக்கியம் கணீரென்று கேட்டது. காலை ஊன்றினேன்.

இரண்டு பாறைகளுக்கு நடுவே வலது பாதம் போய் உட்கார்ந்துகொண்டது. ஆறு பின்னால் வந்து முதுகில் கை வைத்தது. கோபமாகத் தள்ளவில்லை, அவசரப்படவும் இல்லை; கூட்ட நெரிசலில் பின்னால் நிற்பவர் சாய்வதுபோலச் சாய்ந்துகொண்டே இருந்தது. முகம் தண்ணீரை நோக்கிக் குனிந்துகொண்டே போயிற்று. கரையில் என் அறைத் தோழன், உத்தமமானவன், ஒரு நைலான் கயிற்றைத் தன் இடுப்பில் முடிச்சுப் போட்டுக்கொண்டு, மறுமுனையை மற்ற இருவர் கையில் கொடுத்து, சினிமாக் கதாநாயகன்போலக் குதிக்கத் தயாராகிக்கொண்டிருந்தான். அவன் முடிச்சுப் போட்டு முடிப்பதற்குள் என் கால் ஷூவிலிருந்து உருவிக்கொண்டது. பாட்டா கான்வாஸ் ஷூ. நாடாவை ஒழுங்காகக் கட்டாத என் சோம்பலை அம்மா பதினைந்து வருஷமாகத் திட்டிவந்தாள். ஷூ கங்கைக்குப் போயிற்று, நான் கரைக்கு வந்தேன்.

அன்றிரவு அந்தக் கதையை நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து நான்கு முறை சொன்னோம். நான்காவது முறையில் அது கோல்ஃப் கோர்ஸ் ஆகிவிட்டது. 36 படங்கள் எடுக்கும் சுருளில் கடைசி ஒன்று மிச்சமிருந்தது. ஒற்றை ஷூவோடு நான் நிற்கிற படம். கழுவி வந்தபோது பாதி உடம்பு வெளிச்சத்தில் கரைந்திருந்தது. இன்னும் வைத்திருக்கிறேன். இந்த முறை மூன்று நாளில் என்னை எடுத்த படங்கள் 400-க்கு மேல் கைப்பேசிக்கு வந்து சேர்ந்தன, தலையில் மாட்டிய கேமராவில் எடுத்த காணொளிகள் தனி. ஒன்றையும் இதுவரை முழுசாகப் பார்க்கவில்லை.

அந்த மணல் இன்னும் இருக்கிறது; கூடாரங்கள் இல்லை. ஆற்றங்கரைக் கூடாரங்களின் மேல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-ல் கைவைத்தது. எனக்கு வருத்தம்தான். ஆனால் அன்று நாங்கள் நால்வரும் அந்த நிலவில் எங்கே ஒதுங்கினோம், அதெல்லாம் எங்கே போயிற்று என்று யோசித்தால் வருத்தம் கொஞ்சம் அடங்கிவிடுகிறது. நட்சத்திரத்தைப் பார்த்துத் தூங்கிய இடத்துக்கு எதிர்ச் சாலையில் இப்போது ராஃப்ட்களைத் தலையில் கட்டிய ஜீப்புகள் வரிசை. சனி ஞாயிறுகளில் ஆற்றிலேயே போக்குவரத்து நெரிசல். ஒருவர் ராஃப்டில் ஒலிபெருக்கி கொண்டுவந்திருந்தார். தூரத்திலிருந்தே சரிவின் இரைச்சல் காதில் விழுந்து வயிற்றைக் கலக்குமே, அந்தச் சுகத்தை அவர் பாட்டுப் போட்டுத் தொலைத்துக்கொண்டிருந்தார். அதே கூட்டத்தில் ஒருவர்கூடத் தலைக்கவசம் இல்லாமல் இல்லை, ஒருவர் மிதவைச் சட்டையும் பைஜாமா நாடாவில் தொங்கவில்லை என்பதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

பயிற்சிக்கு வருகிறேன். அந்தக் கட்வாலிப் பெண்தான் எங்கள் பயிற்சியாளர். முதல் நாள் முழுக்கக் கரையில் நிற்க வைத்தாள். ஆற்றைப் படிக்க வேண்டுமாம். தண்ணீர் அம்புக்குறி வரையும்; கூர்முனை ஓட்டத்தின் திசையில் இருந்தால் அது வழி, எதிர்த்திசையில் நம்மைப் பார்த்து இருந்தால் அடியில் பாறை. பெரிய பாறைக்குப் பின்னால் தண்ணீர் திரும்பி வந்து அமைதியாகத் தேங்குகிற இடம் ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் எடி என்கிறார்கள். அதைப் பார்த்ததும் எனக்கு எங்கள் தெருத் திண்ணைதான் நினைவுக்கு வந்தது. வெயிலில் நடக்கிறவன் திண்ணை திண்ணையாகத் தாவி ஊர் போய்ச் சேர்வதுபோலக் கயாக்கில் போகிறவன் எடி எடியாக ஒதுங்கி, மூச்சு வாங்கி, அடுத்த சரிவை எட்டிப் பார்த்துவிட்டுப் போக வேண்டும். இதை அவளிடம் என் இந்தியில் விளக்கினேன். "அங்கிள், அது வசதியான திண்ணைதான்; ஏறும்போதும் இறங்கும்போதும் வாசற்படி கவிழ்த்துவிடும்" என்றாள். எதிரெதிர் ஓட்டங்கள் உரசும் அந்தக் கோட்டில்தான் நான் 1991-ல் கவிழ்ந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் புரிந்தது.

ஆற்றில் சாய்ந்து கிடக்கும் மரத்தை ஸ்ட்ரெய்னர் என்கிறார்கள், வடிகட்டி. தண்ணீர் கிளைகளுக்கு நடுவே போய்விடும், ஆள் நின்றுவிடுவார். காப்பி போடும் வீட்டில் வளர்ந்தவனுக்கு இதைவிடத் தெளிவாகச் சொல்ல வேண்டியதில்லை. கசடு யார் என்பது மட்டும் சங்கடம். தப்ப வழியே இல்லையென்றால் மல்லாந்து கிடப்பதை விட்டு, குப்புறத் திரும்பி, அந்த மரத்தை நோக்கியே வேகமாக நீந்தி, மேலே ஏறிவிட வேண்டும். அடிப்பக்கம் குடைந்த பாறையும் இதே இனம். வெளியே சாதுவாகத் தெரியும், தண்ணீர் அடியில் புகுந்துகொண்டிருக்கும். ஓட்டத்தின் வேகம் இரண்டு மடங்கானால் அது நம்மைத் தள்ளுகிற விசை நான்கு மடங்கு. இதற்கான பௌதிகத்தைப் பள்ளியில் எனக்குக் கரும்பலகையில் நடத்தினார்கள். முதுகில் நடத்தியது கங்கை.

பெரியப்பாவின் வாக்கியங்கள் இரண்டாம் நாள் பரீட்சைக்கு வந்தன. ஓடுகிற ஆற்றில் முழங்காலுக்கு மேல் தண்ணீர் இருந்தால் காலை ஊன்றாதே என்பது முதல் விதி. பாதம் சிக்கினால் ஓட்டமே ஆளைக் குப்புறச் சாய்த்துவிடும். தொடையளவு தண்ணீரில் மனிதர்கள் சாவது இப்படித்தான். மணல் படுகையில் காலை ஊன்றிப் பழகிய மனிதர் சொன்னதை உருண்டைப் பாறைப் படுகைக்கு நான் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். தப்பு அவருடையது இல்லை. சுழியில் கீழே போ என்றாரே, அது சில இடங்களில் பலிக்கும் என்று ஒத்துக்கொண்டாள். அடி ஓட்டம் வெளியே தள்ளிவிட வாய்ப்பு உண்டு. ஆனால் அணைக்கட்டுக்கு அடியில் மட்டும் அதை நம்பாதே என்றாள். கரைக்குக் கரை ஒரே மட்டமாகத் தண்ணீர் விழும் இடத்தில், விழுந்த நீர் மேல்மட்டத்தில் அணையை நோக்கியே திரும்பி வந்து, ஆளை இழுத்து, அமுக்கி, மேலே அனுப்பி, மறுபடி இழுக்கும். நுரையில் பாதி காற்று என்பதால் மிதவைச் சட்டைகூட ஒழுங்காகத் தூக்காது. மூழ்கடிக்கும் இயந்திரம் என்று அதற்குப் பெயரே வைத்திருக்கிறார்கள். திரையில் படம் வரைந்து காட்டினாள். படத்தில் இருந்தது கன்னடியன் அணைக்கட்டு. ஆச்சி சொன்ன பெண்ணை ஐம்பது வருஷம் கழித்து நேரில் பார்த்தேன்.

பிறகு, காப்பாற்றும் வரிசை. நீட்டு, வீசு, ஓட்டு, குதி. முதலில் கம்போ துடுப்போ நீட்ட முடியுமா பார். எட்டாவிட்டால் கயிறு வீசு. அதுவும் ஆகாவிட்டால் படகில் போ. எல்லாம் கைவிட்ட பிறகுதான் தண்ணீரில் இறங்கு. உன் உயிர் முதலில், கூட்டாளிகள் உயிர் அடுத்து, மூழ்குகிறவர் கடைசி. இதைக் கேட்டதும் ராணுவக்காரர் முகம் சுருங்கியது, எனக்கும்தான். நாம் பார்த்து வளர்ந்த கதைகளில் எல்லாம் குதி என்பது முதலில் வரும், மற்றது வரவே வராது. இடுப்பில் கயிற்றை முடிந்துகொண்டு ஓட்டத்தில் இறங்குகிறவனைக் கயிறு இறுகியதும் ஆறு நீருக்கடியில் அமுக்கிவிடும், முடிச்சை அவிழ்க்கவும் முடியாது. ஒரே இழுப்பில் விடுபடும் தனிக் கச்சை இல்லாமல் அதைச் செய்யவே கூடாது என்று அவள் சொன்னபோது என் அறைத் தோழனை நினைத்துக்கொண்டேன். என் ஷூ கழன்றதால் அன்று பிழைத்தது இரண்டு பேர். அவனைத் தொலைபேசியில் கூப்பிட்டுச் சொன்னேன். "அந்த முடிச்சு எனக்குச் சரியா விழவே இல்லப்பா" என்றான், பெருமையாக.

வீசும் கயிறு ஒரு சிறிய பைக்குள் சுருண்டு இருக்கும். பதினைந்து, இருபது மீட்டர். ஒரு முனையை இடது கையில் பிடித்துக்கொண்டு பையை வலது கையால் வீச வேண்டும். மூழ்குகிறவரைத் தாண்டி விழ வேண்டும், அப்போதுதான் கயிறு அவர் மேல் படும். 2020 ஆகஸ்டில் பெரம்பலூர் மாவட்டம் கொட்டரை நீர்த்தேக்கத்தில் நான்கு இளைஞர்கள் மூழ்கியபோது, அங்கிருந்த மூன்று பெண்கள் தங்கள் புடவைகளை அவிழ்த்து வீசி இரண்டு பேரைக் கரையேற்றினார்கள். இரண்டு பேரைக் காப்பாற்ற முடியவில்லை. அரசு கல்பனா சாவ்லா விருது கொடுத்தது. அந்த வகுப்பில் இதைச் சொன்னேன். புடவை எத்தனை மீட்டர் என்று கேட்டாள். ஐந்தரை என்றேன். நீட்டு, வீசு இரண்டையும் ஒருசேரச் செய்திருக்கிறார்கள் என்று சொல்லி, கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு எங்களை நோக்கி, வீசும் அவசரத்தில் சிலர் மறுமுனையைப் பிடிக்க மறந்து மொத்தப் பையையும் ஆற்றில் எறிந்துவிடுவதுண்டு, கவனம் என்றாள். இதைக்கூடவா மறப்பார்கள் என்று ராணுவக்காரரும் நானும் சிரித்தோம்.

சான்றிதழோடு ஒரு கயிற்றுப் பையும் வாங்கிக்கொண்டு வந்தேன். போன தையில் ஊருக்குப் போனபோது அதைத் தோளில் மாட்டிக்கொண்டு படித்துறைக்குப் போனேன். பெரியப்பா இல்லை, அவர் உட்காரும் படியில் ஷாம்பூ பாக்கெட்டுகள் கிடந்தன. நாலைந்து பையன்கள் குளித்துக்கொண்டிருந்தார்கள். அணைக்கட்டுப் பக்கம் வழுக்கப் போவீர்களா என்று கேட்டேன். "அது ஜாலியா இருக்கும் தாத்தா" என்றான் ஒருவன். மூழ்கடிக்கும் இயந்திரத்தைப் பற்றி ஈர மணலில் படம் போட்டு விளக்கினேன். மரியாதையாகக் கேட்டுவிட்டு, "தோள்ல என்ன தாத்தா, டிபனா?" என்றான்.

காட்டுகிறேன் பார் என்று எழுந்து நின்றேன். மிதந்து போய்க்கொண்டிருந்த ஒரு தேங்காய் மட்டையைக் குறி வைத்து, தோளைச் சுழற்றி, சொல்லிக்கொடுத்தபடியே வீசினேன். அருமையான வீச்சு; மட்டையைத் தாண்டி ஒரு முழம் தள்ளி விழுந்தது. பை விழுந்தது, பின்னாலேயே கயிறும் போயிற்று, அதன் நுனியும் போயிற்று. என் இடது கை வேட்டியைப் பிடித்துக்கொண்டிருந்தது. மிதக்கிற கயிறு என்பதால் மூழ்காமல் கல்லிடைக்குறிச்சியை நோக்கி அழகாக நெளிந்து போய்க்கொண்டிருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் டிபன் கேட்டவன் குதித்துவிட்டான். நீட்டவும் இல்லை, வீசவும் இல்லை. நாலு வீச்சில் அதை எட்டிப் பல்லில் கவ்விக்கொண்டு திரும்பி வந்து, படியேறி, கயிற்றை என் கையில் வைத்தான்.

"தாத்தா, அடுத்த தடவ இந்த நுனியப் பிடிச்சிக்கிட்டு எறிங்க" என்றான்.